துவக்கை வைத்தால்தான் படம்

கனடாவில், ஸ்காபரோ மண்டபமொன்றில் என் மச்சானுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். கமெராக்காரர் நரைத்த தாடிக்காரர். யாரைப் படமெடுத்தாலும் முதலில் தன் கையாலேயே சட்டைக் கொலரைச் சரிசெய்துவிடுவார்.

மச்சான் வேட்டைக்காரத் தொப்பி போட்டு, விளையாட்டுத் துப்பாக்கி, ஒரு பிளாஸ்டிக் துவக்கு, அதைத் தோளில் சாய்த்து நின்றார். கமெரா இறங்கியது.

“துவக்கைக் கீழ வையுங்கோ. அப்பதான் எடுப்பன்.”

மச்சான் உண்மையிலேயே மான் வேட்டைக்குப் போகிறவர். சூடாகிவிட்டார். “என்னட்ட நிசத் துவக்கே லைசன்சோட இருக்கு. இந்த ஊரில ஆரோ ரோட்டில சுடுறதுக்கு நான் ஏன் ஒளிக்கவேணும்? அது என்ர உரிமை.”

“ஓம், வைச்சிருங்கோ. எடுக்கமாட்டன் எண்டுறது என்ர உரிமை.”

“ஒரு படம்தானே அண்ணை,” என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பினார். “போன மாசம் ஒரு பொடியனைச் சுட்டுப்போட்டாங்கள். செத்தவீட்டில வைக்கத் தாய் கொண்டுவந்தது, நான் எடுத்த பிறந்தநாள் படம். கையில இதுமாதிரி ஒரு துவக்கு. படத்தில இருந்து அந்தத் துவக்கை நான்தான் அழிச்சுக் குடுத்தனான். இனி அழிக்கவும் மாட்டன், எடுக்கவும் மாட்டன்.”

மச்சான் துவக்கைக் கீழே வைக்கவில்லை. அவரும் கமெராவைத் தூக்கவில்லை. கேக் வெட்டியதற்குப் படமே கிடையாது.

மச்சானுக்கு இன்னும் கோபம். எனக்கோ, அந்தப் பொடியனின் கொலரையும் அவர்தான் சரிசெய்திருப்பார் என்ற நினைப்பு போகவேயில்லை.