மனுவேல் வரைந்த காது

ஏற்காட்டில் போர்டு எழுதிப் பிழைத்த மனுவேல் 1992 நவம்பரில் நெஞ்சுச்சளி முற்றி இறந்தார். வயது ஐம்பத்து நான்கு. சேலத்திலிருந்து 1971இல் மலைக்கு வந்தவர். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகையில் கடை வைத்திருந்தார். ஓட்டலுக்குப் பெயர், எஸ்டேட் கேட்டுக்குப் பெயர், லாரிக்கு நம்பர், காபி மூட்டையில் மை தடவிப் பெயர் பதிக்க எழுத்து வெட்டிய தகடு என்று எது கேட்டாலும் செய்தார். நான் நாகலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். மூட்டைத் தகடு விஷயமாகப் போய்ப் பழக்கமானது. இதில் நான் நேரில் பார்த்தது கொஞ்சம், கேட்டது கொஞ்சம். எது எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

போர்டு அவருக்குச் சோறு போட்டது. ஆசைப்பட்டுச் செய்தது இறந்தவர்களின் படம். அந்தக் காலத்தில் மலைக் கிராமங்களில் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ஆள் போன பிறகுதான் முகம் வேண்டும் என்று தோன்றும். அப்படி வருகிறவர்களிடம் மூக்கு எப்படி, வாய் எப்படி என்று மனுவேல் கேட்க மாட்டார். "யாரைப் பார்த்தா அவங்க ஞாபகம் வருது?" என்று கேட்பார். அந்த ஆளை அழைத்துவரச் சொல்லி ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வைப்பார். இறந்தவரைத் தெரிந்த ஒருவர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மோவாய் இன்னும் கொஞ்சம் ஒடுக்கமுங்க", "அவருக்கு நெத்தி பெருசுங்க" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். உயிரோடு இருப்பவரின் முகத்தில் தொடங்கி, சொல்லச் சொல்ல இறந்தவரின் முகத்துக்குப் போவதுதான் அவர் முறை.

"தொழில்ல எனக்கு ஒரு சட்டம் உண்டுங்க ரைட்டரே," என்று ஒருமுறை சொன்னார். "அம்மைத் தழும்பு, காயம், பல்லு போனது எதையும் போடறதில்லை. பத்து வயசு குறைச்சு, வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி வரைஞ்சு குடுத்துருவேன். இருக்கறப்பத்தான் சாப்பிடலை, படத்திலயாவது சாப்பிட்டிருக்கட்டும்."

"அப்புறம் எப்படி ஆள் அடையாளம் தெரியும்?"

"பார்த்துட்டு அழறாங்களே, அது போதாதுங்களா?"

மலையில் இந்த வேலைக்கு ஒரு தொல்லை இருந்தது. மழைக்காலம் முழுக்க மூடுபனி. எண்ணெய் வண்ணம் காயாது. காயாத படத்தில் பூசணம் ஏறிவிடும். அதனால் பாதி முடிந்த படங்களைத் துணியில் சுற்றி பஸ்ஸில் அடிவாரத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே தெரிந்த ஒரு டீக்கடையில் அடுப்பு அனல் படுகிற சுவரில் மாட்டி வைப்பார்கள். காய்ந்து திரும்பி வந்ததும் மேல் வேலை நடக்கும். டீ குடிக்க வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்து, மலையில் யார் வீட்டில் சாவு என்று தெரிந்துகொள்வார்கள்.

1983 ஆடி மாதம் மாரமங்கலத்திலிருந்து அம்மாசி என்ற விவசாயி வந்தார். அவருடைய மூத்த மகள் சின்னத்தாயி ஆனியில் இறந்திருந்தாள். அடிவாரத்தில் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்த பொன்னுவேலுக்குக் கட்டிக்கொடுத்த பெண். இரண்டு வயதில் ஒரு பையன் இருந்தான். காய்ச்சலில் இறந்தாள் என்று சிலர் சொன்னார்கள், வேறு மாதிரியும் சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியாது.

யார் ஜாடை என்று கேட்டதும் அம்மாசி இளைய மகள் வள்ளியை அழைத்து வந்தார். அக்காள் புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தாய் அத்தாயிக்கு அது பிடிக்கவில்லை.

"செத்தவளுக்குப் பதிலா உசிரோட இருக்கறவளை உக்கார வெக்கலாமுங்களா சாமி?"

"படத்துக்கு மட்டுந்தானுங்கம்மா," என்றார் மனுவேல்.

நான் அப்போது கடையில் இருந்தேன். பின்னால் நின்று திருத்தம் சொல்ல வேண்டிய அத்தாயி அழுதுகொண்டே இருந்தார். அம்மாசி, "அப்படியே இவதானுங்க, மாத்தவே வேண்டியதில்லை" என்றார். மனுவேலும் மாற்றவில்லை. படம் அடிவாரத்துக்குப் போனது.

அங்கே டீ குடிக்க வந்த பொன்னுவேல் அதைப் பார்த்தான். பல நாள் வந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். பார்த்தது மனைவியையா, மைத்துனியையா என்பது அவனுக்குத்தான் தெரியும். ஆவணியில் உறவுக்காரர்களோடு மாரமங்கலத்துக்குப் போய் வள்ளியைக் கேட்டான். பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்றான். அம்மாசி சம்மதித்துவிட்டார். புரட்டாசி அமாவாசைக்குப் படத்தை வைத்துப் படையல் போடுவது, அன்றைக்கே வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு முடிந்தது.

அமாவாசைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சந்தை நாளில், வள்ளி தனியாகக் கடைக்கு வந்தாள். அன்றைக்கும் நான் தகடு வாங்கப் போயிருந்தேன். படம் காய்ந்து கடைக்குத் திரும்பியிருந்தது.

"ஏனுங்ணா, அந்தப் படத்துல காது தப்புங்க."

மனுவேல் சிரித்தார். "அது உன் காதுதான் கண்ணு. நல்லாத்தானே இருக்குது?"

"எங்கக்காவுக்கு இடது காது கிழிஞ்சிருக்கும். மச்சான் தோட்டைப் புடிச்சு இழுத்ததுங்க. நான்தான் மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவி உட்டேன். புள்ளை இழுத்துடுச்சுன்னு எங்கூட்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டாங்க."

"அதெல்லாம் படத்துல போடறதில்லை கண்ணு."

"உங்க படத்தைப் பார்த்துட்டுத்தானுங்க அவரு என்னைக் கேட்டு வந்தாரு."

மனுவேல் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "உங்கப்பனுக்குத் தெரியுமா, காது விஷயம்?"

"தெரியாம என்னங்க? எல்லா ஊட்லயும் நடக்கறதுதாங்கறாரு. நான் போகமாட்டேன்னா, அப்ப அந்தப் புள்ளைக்கு யாருங்கறாரு. படத்துக்கு மட்டுந்தான்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

இறந்தவர் முகத்தில் குறை காட்டுகிறவனிடம் யாரும் படம் கேட்டு வரமாட்டார்கள் என்பது எனக்கே தெரியும்போது மனுவேலுக்குத் தெரியாதா? பிறகு, "காயம் ஆறினப்புறம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். வள்ளி தன் காது மடலை இரு விரலால் விரித்துக் காட்டினாள். வெளித் துண்டு சுருங்கி மேலே ஏறியிருக்கும், உள் துண்டு தொங்கும் என்றாள்.

காய்ந்திருந்த காதை மனுவேல் பிளேடால் சுரண்டி எடுத்தார். மறுபடி அடிவாரத்துக்கு அனுப்ப முடியாது, பொன்னுவேல் பார்த்துவிடுவான். கொட்டகையிலேயே கரி அடுப்பு மூட்டிப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தார். புகையில் இருமிக்கொண்டே வேலை செய்தார். வரைவதும் துடைப்பதுமாக, முகத்துக்கு ஆனதைவிட அந்தக் காதுக்கு அதிக நாள் ஆனது. அழகாகவும் வந்துவிடக் கூடாது, கோரமாகவும் வந்துவிடக் கூடாது, அதுதான் கஷ்டம் என்றார்.

அமாவாசையன்று படத்தை அவரே கொண்டுபோனார். நான் போகவில்லை. அவர் சொன்னதை எழுதுகிறேன்.

துணியை எடுத்ததும் கூடியிருந்தவர்கள் ஜாடையைப் பார்த்து ஆகா என்றார்கள். பிறகு ஒவ்வொருவராகக் காதைப் பார்த்தார்கள். பொன்னுவேல்தான் முதலில் பேசினான்.

"யாருங்க இப்படிப் போடச் சொன்னது? என் பையன் மடியில உக்காந்து இழுத்தது. ஊருக்கே தெரியும்."

பையன் பிறந்த பிறகு ஊருக்கு அப்படிச் சொல்லிவைத்தது அத்தாயிதான். அவர் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். காதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தலைத்தீபாவளிக்கு வந்தப்பவே இந்தக் காது கிழிஞ்சுதான் இருந்துச்சு, முந்தானை போட்டு மறைச்சு வெச்சோம்," என்றார். "பையன் அப்ப வயித்துல. வயித்துக்குள்ள இருந்துக்கிட்டுக் கையை நீட்டி இழுத்தானா?"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மாசி, "உள்ள போ" என்று மனைவியை அதட்டினார். அத்தாயி அசையவில்லை. ஊர்ப் பெரியவர் ஐயாக்கண்ணு எழுந்து, "தம்பி, தட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அப்புறம் பேச்சு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. பொன்னுவேல் தட்டை எடுக்கவில்லை. வள்ளியின் மடியிலிருந்த பையனைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அத்தாயி பஸ் நிற்கிற இடம்வரை பின்னாலேயே ஓடினார்.

வள்ளி தப்பினாள். மனுவேலுக்குப் படம் கேட்டு வருவது நின்றது.

"பயப்படறாங்க," என்றார் என்னிடம். "எதைப் போட்டுருவானோன்னு. ஆளாளுக்கு ஒண்ணு இருக்குமுங்களே."

1984 மார்கழியில் அத்தாயி அந்தப் படத்தைப் புடவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றே கால் வருடத்தில் உடம்பு பாதியாகியிருந்தது. நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"காதை மூடிக் குடுத்துருங்க சாமி. படம் இப்படி இருக்கற ஊட்டுக்குப் பையனை அவங்கப்பன் அனுப்பமாட்டேங்கறான். மூடினாப் பொங்கலுக்கு அனுப்பறேன்னு சொல்லி உட்டிருக்கான். நொம்ப நாளாச்சுங்க புள்ளை மூஞ்சியைப் பார்த்து."

"வள்ளி என்னங்கம்மா சொல்லுது?"

"அவதான் தூக்கிட்டு வந்து என்னைய பஸ் ஏத்தி உட்டா."

மனுவேல் பிளேடை எடுத்துக் கிழிந்த காதைச் சுரண்டினார். வள்ளி வராததால் என் காதைப் பார்த்தே வரைவதாகச் சொல்லி என்னை ஜன்னலோரம் திரும்பி உட்காரச் சொன்னார். ஒரே இருப்பில் முடிந்துவிட்டது. அத்தாயி நின்றபடியே முழுவதும் பார்த்துவிட்டு, "போதுங்க" என்றார்.

பையன் அந்தப் பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருந்தான். அடுத்த வருடம் பொன்னுவேல் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதன் பிறகு அனுப்பவில்லை. வள்ளி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எஸ்டேட் வேலைக்குப் போனாள்.

அந்த இரண்டு நாளைப் பற்றி வள்ளி ஒருமுறை மனுவேலிடம் சொல்லியிருக்கிறாள். அவர் ஏரியில் படகுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குச் சொன்னார். பையனைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, உங்கம்மாளைக் கும்பிட்டுக்கோ கண்ணு என்றார்களாம். அவன் படத்தையும் வள்ளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது சித்தி" என்றானாம். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் மாற்றிச் சொல்லவில்லையாம்.

"சின்னப் பையன்தானே," என்றேன்.

"அவன் சொன்னதுல தப்பில்லையே ரைட்டரே. அது வள்ளிதானுங்க, தலையிலிருந்து தோள்வரைக்கும். அவங்கம்மாளோடதுன்னு அதுல இருந்தது அந்தக் காது ஒண்ணுதான்."

படகில் அவர் எழுதிக்கொண்டிருந்த நம்பர் பாதியில் நின்றிருந்தது. பனி இறங்கத் தொடங்கியதும் டப்பாவை மூடிவிட்டு, இனி நாளைக்குத்தான் என்றார்.