மெக்கானிக் கிளம்பியாச்சு

பீன்யாவில் ஒரு கம்பெனி, பொய் சொல்வதற்கென்றே ஓர் அம்மாளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது, வாரம் முழுக்க அவர் சொன்ன பொய்களுக்குப் பாவமன்னிப்பு வாங்கிவரச் சனிக்கிழமை மத்தியானம் லீவும் கொடுக்கிறது என்று அல்சூர் பக்கம் வெகுநாள் ஒரு வதந்தி உலவியது. போக வர ஆட்டோ சார்ஜும் உண்டு என்று சேர்த்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். பெங்களூர் கம்பெனிகள் எதற்கெல்லாமோ அலவன்ஸ் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம். யாரும் சந்தேகப்படவில்லை. ஆள் எடுக்கிறார்களா என்று மட்டும் கேட்டார்கள்.

விசாரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் புளுகு. சனிக்கிழமை அரைநாள் லீவு அந்தக் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் இருந்தது; அதில் ஆன்மிகம் ஏதுமில்லை. ஆட்டோ சார்ஜ் சுத்தக் கற்பனை. மர்பி டவுனில் குடியிருந்த பெர்னதெத், மெஜஸ்டிக்கில் பஸ் மாறித்தான் போய்வந்தார். பொய்யும் பாவமன்னிப்பும் மட்டும் நிஜம்.

பெர்னதெத்தின் கணவர் கிளாரன்ஸ் கல்யாண பேண்டில் டிரம்பெட் வாசிப்பவர். முகூர்த்த நாளென்றால் வீட்டில் கறிக்குழம்பு. மற்ற நாளில் ரசம். மகள் ஆஞ்சலா தவழ ஆரம்பித்த தொண்ணூற்றொன்றில் ஆடி மாதம் வந்தது. ஊரில் ஒருவரும் கல்யாணம் செய்துகொள்வதாக இல்லை. ரசத்துக்கும் வழியில்லாமல் போன அந்த மாதத்தில்தான் பெர்னதெத் வேலை தேடிப் பீன்யாவுக்கு பஸ் ஏறினார்.

அங்கே வெங்கடசுப்ரமணியன் என்பவர் ஒரு ஷெட்டில், தண்ணீர் பம்புகளை இயக்கும் பெட்டிகளைச் செய்ய ஆரம்பித்திருந்தார். தாயார் பெயரில் 'பாகீரதி கண்ட்ரோல்ஸ்' என்று போர்டு.

"டைப்பிங் தெரியுமா?"

"தெரியாது சார்."

"ஷார்ட்ஹேண்ட்?"

"அதுவும் இல்ல சார்."

அதற்குள் போன் அடித்தது. பக்கத்தில் கிரைண்டிங் மிஷின் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. வெங்கடசுப்ரமணியன் நாலு தடவை "ஹலோ" என்று கத்தி, நெற்றியில் அடித்துக்கொண்டார். பெர்னதெத் ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கி, "பாகீரதி கண்ட்ரோல்ஸ்! யார் பேசறது?" என்றார். எதிர்முனைக்கு மட்டுமல்ல, அடுத்த ஷெட்டுக்கும் கேட்டது. அங்கிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கே வந்துடு," என்றார் வெங்கடசுப்ரமணியன்.

அன்று முதல் பெர்னதெத் வீட்டில் ஆடியிலும் கறிக்குழம்பு. பெர்னதெத் தினமும் படுக்கும் முன் ஜெபத்தில் முதலாளியின் பெயரைச் சொல்லத் தவறியதில்லை. அவ்வளவு நீளமான பெயரை அவர் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கிளாரன்ஸ் தூங்கிப்போவார்.

ஷெட் இருந்தவரை பொய்க்கு அங்கே வசதி இல்லை. முதலாளி இருக்கிறாரா இல்லையா என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். கம்பெனி வளர்ந்தது. ஷெட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று மாடிக் கட்டடம் எழும்பியது. கீழே பெர்னதெத்தும் போனும், மேலே விற்பனைப் பிரிவும் மானேஜர் தேசிகனும், உச்சியில் எம்.டி. ஆகிவிட்ட வெங்கடசுப்ரமணியன். செய்யக்கூடியதைப் போல இரண்டு பங்கு ஆர்டரைத் தேசிகன் பிடித்தார். மீதியைப் பெர்னதெத் போனில் சமாளிக்க வேண்டும். லிஃப்ட் வைக்கப் பணம் போதவில்லை, இன்டர்காம் வைத்தார்கள். அதில் பொய் மேலிருந்து கீழே வலிக்காமல் இறங்கியது.

"எம்.டி. கோயம்புத்தூர் போயிருக்காருன்னு சொல்லும்மா," என்பார் தேசிகன்.

"போன வாரமும் அங்கதான் சார் இருந்தாரு."

"அப்ப அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லேன். எல்லாம் நானே யோசிக்கணுமா?"

பெட்டி ரிப்பேராகித் தண்ணீர் நின்றுபோனவர்களிடம் ரொம்ப ஓடியது "மெக்கானிக் கிளம்பியாச்சு" என்பதுதான். ஈஜிபுராவில் லேடீஸ் ஹாஸ்டல் நடத்திய வார்டன் நோராவுக்கு அதைச் சொன்னால், "தினம் கிளம்பறான், எங்கம்மா போறான், காசிக்கா?" என்று கிழிப்பார். ஹெசரகட்டா ரோட்டில் பூஞ்செடி நர்சரி வைத்திருந்த கிருஷ்ணப்பாவிடம் சொன்னால், அவர் கன்னடம் கலந்த தமிழில், "பர்வாகில்லம்மா, வரட்டும். நான் கேட் பக்கத்துலயே நிக்கறேன்," என்பார். நோரா திட்டியதெல்லாம் போனை வைத்ததும் போய்விடும். கிருஷ்ணப்பா வெயிலில் கேட் பக்கத்தில் நிற்பது மட்டும் பஸ்ஸில் வீடுவரை கூடவே வரும்.

ஆஞ்சலா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஒரு வாரம் இருந்தது. மகளோடு தாயும் நன்மை வாங்க வேண்டும். அதற்குமுன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோவிலில் பெர்னதெத் வழக்கம்போல வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் நிற்க எப்போதும் ஒரு போட்டி உண்டு. எட்டு வருஷமாகப் பீன்யா லைனில் கத்திப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் பேசினால் பாடகர் குழு வரை கேட்கும்.

"எம்.டி. ஊர்ல இல்லன்னு சொன்னேன் சாமி. பாத்ரூம்ல இருக்காருன்னு ரெண்டு வாட்டி. ஈஜிபுரா ஹாஸ்டலுக்கு மெக்கானிக் கிளம்பியாச்சுன்னு சொன்னேன். அவரு கிளம்பல சாமி. கிளம்பற மாதிரியும் இல்ல."

"மெதுவா சொல்லும்மா."

"மெதுவாத்தான் சாமி சொல்றேன்."

"இதையேதான் வாராவாரம் கொண்டாறே. திங்கக்கிழமை போனா மறுபடி சொல்லுவியா?"

அங்கே போய்ப் பொய் சொல்ல முடியுமா? "சொல்லுவேன் சாமி. வேலையே அதான்."

"அப்ப நான் எப்படி மன்னிப்பு குடுக்கறது? இனிமே செய்யமாட்டேன்னு தீர்மானம் பண்ணிட்டு வா."

"அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணுக்குப் புதுநன்மை சாமி."

"அதுக்குத்தாம்மா சொல்றேன். அந்தப் பொய் உன் முதலாளியோடது. அவரையும் கூட்டிட்டு வா."

"அவரு ஐயரு சாமி."

"சரி. நீ மட்டும் வா," என்றார் சாமியார்.

வெளியே வந்த பெர்னதெத் வரிசையில் யாரையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அக்கா வீட்டுக்கு வந்த இடத்தில் பாவம் தீர்க்க நின்ற நோராவைப் பார்த்திருப்பார். முகம் தெரிந்திருக்காது; இருவருக்கும் குரல்தான் பழக்கம். நோராவுக்கு அந்தக் குரல் எங்கே கேட்டாலும் தெரியும். அவர் அன்று பாவசங்கீர்த்தனம் செய்யாமலே திரும்பிவிட்டார். புதிதாகச் செய்யவிருந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை பாகீரதி கண்ட்ரோல்ஸ் வரவேற்பறையில் ஒரு காலி பிளாஸ்டிக் பக்கெட் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் நோரா.

"ஈஜிபுரா ஹாஸ்டல். மெக்கானிக் கிளம்பாத ஹாஸ்டல். எம்.டி. இருக்காரா?"

பெர்னதெத் இன்டர்காமில் கேட்டார். "நான் இல்லன்னு சொல்லிடும்மா," என்று எம்.டி.யே சொன்னார்.

பெர்னதெத் ரிசீவரை வைத்தார். ஒருபக்கம் ஆடி மாதத்தில் சோறு போட்டவர். இன்னொருபக்கம் வெள்ளை கவுன் தைத்துக் காத்திருக்கும் ஆஞ்சலா. எதிரே ஒரு பக்கெட்.

"சார் மேலதான் இருக்காரு," என்றார். "உங்களப் பாக்க அவருக்கு இஷ்டமில்ல. மெக்கானிக் கிளம்பல. மன்னிச்சிடுங்க."

நோரா பக்கெட்டை எடுத்துக்கொண்டு படியேறினார். அரைமணியில் மெக்கானிக், எம்.டி.யின் சொந்தக் காரிலேயே கிளம்பினார். பக்கெட் அவர் மடியில்.

மத்தியானம் விசாரணை. நோரா மேலே எல்லாவற்றையும் போட்டு உடைத்திருந்ததால் தேசிகன் தயாராக வந்திருந்தார்.

"கம்பெனி ரகசியத்தை வெளியாள்கிட்ட சொல்லியிருக்கா சார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்லயே கூடாதுன்னு போட்டிருக்கு."

"எங்க சொன்னா?"

"சர்ச்சுல."

"யார்கிட்ட?"

"...கடவுள்கிட்ட."

"அவர் வெளியாளாய்யா?" என்ற வெங்கடசுப்ரமணியன், பெர்னதெத் பக்கம் திரும்பினார். "எங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு கூடச் சொன்னியாமே?"

"மொதல்ல காய்ச்சல்னுதான் சார் சொன்னேன். தேசிகன் சார்தான் ஆபரேஷன் ஆக்கிட்டாரு."

எம்.டி. நாற்காலியில் சாய்ந்தார். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் ஆரஞ்சுப் பழத்தோடு மல்லேஸ்வரம் வீட்டுக்கு நோயாளியைப் பார்க்க வந்ததும், நோயாளியே கதவைத் திறந்து பழத்தை வாங்கி வைத்துக்கொண்டதும் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

"இந்த வேலை இல்லன்னா நாங்க இல்ல சார்," என்றார் பெர்னதெத். மூன்று மாடிக்கும் கேட்டது. "அந்த நன்றிக்குத்தான் இத்தனை வருஷமா சொன்னேன். இனிமே சொல்லமாட்டேன். வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, உங்க மேல வருத்தமில்ல. ஜெபத்துல உங்க பேரு எப்பவும் இருக்கும்."

வெங்கடசுப்ரமணியன் எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பழைய ஷெட்டைப் பார்த்தார்.

"நான் இல்லன்னு சொல்லச் சொன்னது நான்தானே," என்றார். "தேசிகன், இனிமே யாருக்குப் பொய் வேணுமோ அவங்களே கீழ இறங்கிப்போய், அந்த போனை எடுத்துத் தன் வாயால சொல்லட்டும். நானும்தான். பெர்னதெத் சொல்லமாட்டா."

பாகீரதி கண்ட்ரோல்ஸில் நேர்மை வந்த கதை இவ்வளவுதான். தேசிகனுக்கு முழங்கால் வலி. முதல் நாள் நாலு தடவை இறங்கினார், ஏறினார். மறுநாள் ஒரு தடவை. வாரக் கடைசியில், மெக்கானிக்கை நிஜமாகவே அனுப்பிவிடுவது காலுக்கு நல்லது என்று கண்டுகொண்டார். பிற்காலத்தில் கம்பெனி இன்னும் பெரிதாகி, லிஃப்டும் வந்து, 'உண்மையே எங்கள் மூலதனம்' என்று பெர்னதெத்தின் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியபோது, அதைத் திறந்துவைத்துப் பேசியவர் தேசிகன்தான். பெர்னதெத் மனசாரக் கைதட்டினார். பாவம், எத்தனை படி ஏறி இறங்கியவர்.

விசாரணை நடந்த வாரச் சனிக்கிழமை சாமியார் மன்னிப்பைக் கொடுத்தார். ஆனால் ஜெபமாலையோடு விடவில்லை. "யார் யார்கிட்ட சொன்னியோ அவங்களுக்கெல்லாம் போன் போட்டு மன்னிப்பு கேக்கணும். ஆபீஸ் போன்ல போடாத. அது வேற பாவம்."

ஞாயிற்றுக்கிழமை ஆஞ்சலா நன்மை வாங்கினாள், பின்னாலேயே தாயும் வாங்கினார். கிளாரன்ஸ் டிரம்பெட் வாசித்தார். நோரா கேக் கொண்டுவந்து, "குளிச்சிட்டு வந்திருக்கேன், பாத்துக்கோ," என்றார். இருவரும் கட்டிக்கொண்டு சிரித்ததில் பெர்னதெத்துக்குக் கண்ணீர் வந்தது.

மன்னிப்புக் கேட்கும் விஷயம் எம்.டி. காதுக்குப் போனது. "ஆபீஸ் போன்லயே பண்ணும்மா. பொய்ய அதுலதானே சொன்னே, நான்தானே சொல்லவெச்சேன்," என்றார். பெர்னதெத் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சிலர் திட்டினார்கள். சிலர் இது ஏதோ புதுவகை வியாபாரத் தந்திரம் என்று நினைத்து ஆர்டர் கொடுத்தார்கள்.

கிருஷ்ணப்பாவின் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மெக்கானிக்கை நேரிலேயே அனுப்பினார் பெர்னதெத். நர்சரி இருந்த இடத்தில் மனைக்கற்கள் நட்டிருக்கின்றன, ஆள் எங்கே போனாரென்று யாருக்கும் தெரியவில்லை என்று அவர் வந்து சொன்னார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் எல்லா போன் நம்பருக்கும் முன்னால் ஓர் எண்ணைக் கூட்டினார்கள். அதையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். ஒரு பியூட்டி பார்லர் எடுத்தது.

"கிருஷ்ணப்பா இருக்காரா?"

"அப்படி யாரும் இல்லயே. ஃபேஷியலா, ஹேர் கட்டா மேடம்?"

"ஒண்ணும் வேணாம்மா. எங்கனா பாத்தா, மெக்கானிக் கிளம்பலன்னு சொல்லிடுங்க."

"மேடம்?"

பெர்னதெத் போனை வைத்தார். தெருவில் பூஞ்செடி வண்டி போனால், தள்ளுகிறவர் குரல் கிருஷ்ணப்பாவுடையதா என்று இப்போதும் காது கொடுத்துக் கேட்கிறார்.