காணாத கடலுக்குப் பன்னிரண்டு டிக்கெட்

சோமனூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் பதினான்கு வருஷம் உட்கார்ந்திருந்த நரசிம்மலு நாயக்கருக்குத் தெரியாத ஊர் கிடையாது. போன ஊர்தான் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை ரயில்வே கொடுக்கும் இலவசப் பாஸ், மனைவி பத்மாவதியின் பிறந்த ஊரான கோவில்பட்டிக்குப் போய் வரவே சரியாக இருக்கும். மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் பத்து நாள் கழியும். அவ்வளவுதான் அவர் கண்ட உலகம்.

ஆனால் வாய் இருக்கிறதே, அது ராமேசுவரம் வரை போய்விட்டு வரும். வெளியூர் போய்த் திரும்புகிறவர்களை அவர் சும்மா விடமாட்டார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, என்ன பார்த்தீர்கள், கோபுரம் எத்தனை நிலை, சத்திரத்தில் ரசம் எப்படி என்று நோண்டி நோண்டிக் கேட்பார். அடுத்த ஆளுக்கு அதையே தான் பார்த்ததுபோல எடுத்துவிடுவார். கேட்கிறவர்களுக்குச் சந்தோஷம், சொல்கிறவருக்கு அதைவிடச் சந்தோஷம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் நினைத்திருந்தார்.

வினை 1934-ல் ஒரு மத்தியானம் வந்தது. ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்து வாகை மரத்தடியில் கருமத்தம்பட்டி முத்தாத்தாள் காத்திருந்தார். நாற்பது ஏக்கர் பூமியைத் தனி ஆளாக நின்று பண்ணையம் பார்க்கிற கவுண்டர் வீட்டு அம்மாள். அந்த வருஷம் அறுபதடிக்குப் பாறையில் வெடி வைத்துக் கிணறு வெட்டி, கடைசியில் கிடைத்தது உப்புக் கரிக்கிற சப்பைத் தண்ணீர். அதில் பருப்புகூட வேகவில்லை. அம்மாளின் முகம் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு நரசிம்மலு தரங்கம்பாடியை எடுத்தார். மாயவரம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் சொன்ன ஊர் அது. டேனிஷ்காரன் கட்டிய கோட்டை, ஊர் வாசலில் 1792 என்று எழுதிய வளைவு, கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், இருநூறு வருஷத்துக்கு முந்தைய மாதா கோயில். எல்லாம் கண்முன்னே வந்து நின்றன.

"ஏனுங்க நாயக்கரே, நேருல பாத்தீங்களா?"

"பாக்காமயா இத்தன சொல்லுவனுங்க?"

"கடலோரத்துல குடிக்கத் தண்ணிக்கு என்னங்க பண்ணுவாங்க?"

இதை அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லவில்லை. ஆனால் ஓடுகிற வாயை நிறுத்த முடியுமா?

"கோட்டைக்குப் பக்கத்துலயே ஒரு கெணறுங்கம்மா. இந்தப் பக்கம் கடலு, அந்தப் பக்கம் கெணறு. ஆழம் பத்தடிகூட இருக்காதுங்க. எளநியாட்ட இனிக்கும்."

முத்தாத்தாள் ரயில் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

மறுவருஷம் தை மாதம், சோளம் அறுத்து முடிந்த கையோடு, ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். "தரங்கம்பாடிக்குப் பன்னண்டு டிக்கெட்டுங்க, எங்க சொந்தக்காரங்களும் வாராங்க. பாத்த ஊருங்களே, நீங்களே லீவு போட்டுட்டு வந்து காட்டிக் குடுத்துருங்க." கையில் ஈயம் பூசிய பித்தளைத் தூக்குப்போசி. காலியாக இருந்தது. "அந்தக் கெணத்துத் தண்ணியக் கொண்டாந்து நம்ம கெணத்துல ஊத்தோணும். அதப் பாத்தாச்சும் இதுக்குப் புத்தி வருதான்னு பாக்கலாமுங்க."

நரசிம்மலு வீட்டுக்குப் போய், தப்பிக்க ஒரு வழி சொல்லும்படி மனைவியிடம் கேட்டார். வீட்டில் தெலுங்குதான், திட்டுவதற்கு மட்டும் பத்மாவதி தமிழை எடுப்பார். அன்றைக்கு எடுத்தார்.

"நீங்க ஏத்துன பார்சலுதானுங்களே. எறக்கறதுக்கும் நீங்கதான் போகோணும்."

ஈரோட்டில் மாறி, திருச்சியில் மாறி, மாயவரத்தில் குட்டி ரயிலைப் பிடித்தார்கள். வழியெல்லாம் கட்டுச்சோறும் சிரிப்பும்தான். முத்தாத்தாளின் கொழுந்தனார் நஞ்சுண்டன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தஞ்சாவூர்ச் சீமையின் வாய்க்கால்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துகொண்டு வந்தார். நரசிம்மலு எதையும் பார்க்கவில்லை. எதிர்ப் பலகையில் முத்தாத்தாள் மடியில் இருந்த அந்தக் காலிப் போசியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று மூன்று ஸ்டேஷனில் வாயைத் திறந்தார். மூன்று தடவையும் யாராவது முறுக்கு நீட்டினார்கள்.

தரங்கம்பாடியில் இறங்கியதும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஊர் வாசல் வளைவு இருந்தது. 1792-உம் இருந்தது. மாதா கோயில் சொன்ன இடத்தில் நின்றது. பரவாயில்லை, தப்பித்துவிடுவோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இப்படியே நேராப் போனமுன்னா கோட்டைங்க, அதுக்கு அந்தாண்டதான்..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

தெருவின் முடிவில் கடல் இருந்தது.

அத்தனை பேர் சொல்லிக் கேட்டிருந்தார். ஒருவராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? எங்கே முடிகிறது என்று தேடினார், முடிவதாகத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் இருப்பதே மறந்து போயிற்று. ரயில்வே கோட்டும் பூட்ஸுமாக மணலில் ஓடினார். முழங்கால் வரை இறங்கினார். அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். ஓர் அலை வந்து உட்கார வைத்தது. தொப்பியை இன்னோர் அலை கொண்டுபோனது. உட்கார்ந்த இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்தார்.

திரும்பிப் பார்த்தபோது, பன்னிரண்டு பேரும் கடலைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்த ஆளாட்டத் தெரியலீங்களே," என்றார் நஞ்சுண்டன்.

முத்தாத்தாள் தண்ணீர் ஓரம் வரை வந்தார். "ஏனுங்க, நீங்களும் இப்பத்தான் பாக்கறீங்களா?"

"ஆமாங்கம்மா."

"அந்தக் கெணறு?"

நரசிம்மலு எழுந்து நின்றார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அது நானாச் சொன்னதுங்க. பொய்யிங்க."

முத்தாத்தாள் போசியை மணலில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். வாழ்நாளில் நரசிம்மலு அப்படி வெட்கப்பட்டதில்லை. தான் விளையாட்டாகச் சொன்னதை ஒருத்தி ஒரு வருஷம் நெஞ்சில் வைத்திருந்தாளே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வெயில் ஏறியது. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது. கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த உம்மல் குல்சும் என்ற அம்மாள், இவர்கள் வெறும் செம்பைக் கவிழ்த்துப் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"எந்த ஊரு நீங்க? தாகமா இருக்கியளா? கொல்லையில கிணறு கெடக்கு, மொண்டு குடிங்க."

"கடலோரத்துக் கெணறு, உப்பால்லங்க இருக்கும்?" என்றார் நஞ்சுண்டன்.

"மழைத் தண்ணிய மணலு புடிச்சு வச்சிருக்கு. குடிச்சுப் பாருங்களேன்."

முத்தாத்தாள்தான் முதலில் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய், அப்புறம் ஒரு செம்பு. அவ்வளவுதான், பன்னிரண்டு பேரும் அந்தக் கிணற்றைச் சுற்றிக்கொண்டார்கள். கயிறு விட்டு ஆழம் பார்த்தார்கள். பத்தடி இல்லை, ஒன்பதுதான். நஞ்சுண்டன் மண்டி போட்டு மணலை அள்ளி மோந்து பார்த்தார். வெடி வைக்காமல் ஒரு கிணறா என்று இரண்டு பேருக்குக் கோபமே வந்தது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. டேனிஷ்காரன் கோட்டை அந்தப் பக்கம் கேட்பாரற்று நின்றது.

"கோட்டையப் பாக்க வெள்ளைக்காரவுக வருவாக," என்று சிரித்தார் உம்மல் குல்சும். "கிணத்தப் பாக்க வந்தது நீங்கதான்."

நரசிம்மலு வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர முகம் இல்லை. போசியை நிரப்பி மூடியை இறுக்கிக்கொண்டு முத்தாத்தாள் அவரிடம் வந்தார்.

"தண்ணி இருந்துச்சுங்கறதுக்காவ நீங்க சொன்னது பொய்யில்லீன்னு ஆயிராதுங்க."

"ஆகாதுங்கம்மா."

"வார வருசம் ராமேசுவரம் போலாமுன்னு இருக்கறனுங்க. நீங்க பாத்திருக்கீங்களா?"

பதினான்கு வருஷப் பழக்கம் நாக்கு நுனி வரை வந்தது. 'பாக்காமயா' என்பதில் பாதி வெளியிலும் வந்துவிட்டது. மீதியை விழுங்கினார்.

"இல்லீங்க. பாத்ததில்லீங்க."

"அப்பச் செரி," என்று முத்தாத்தாள் போசியை அவர் கையில் கொடுத்தார். "நீங்களே கூட்டிட்டுப் போங்க. சிந்தாமப் புடிங்க."