ரவுண்டு முடியும்வரை

கேம் கன்சோல் வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே அதை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏறினேன். செம்மண்டலத்தில் அக்கா வீட்டு டிவி என்னுடையதைவிடப் பெரியது. போர் விளையாட்டை அதில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அக்காவின் கணவர் பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆனவர் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

முதல் வெடிச்சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இடிந்த தெரு, புகை, யாரோ அலறும் குரல். பயமாக இருந்தது, உடனே பிடித்தும் போயிற்று. ஒருவனைச் சுட்டேன். விழுந்தவன் சற்று நேரத்தில் காணாமல் போனான்.

"அவன் பாடி எங்க போச்சு மச்சான்?" பின்னால் உட்கார்ந்திருந்த மாமா கேட்டார்.

"அதுவா மறைஞ்சிடும் மாமா."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "சேத்தியாத்தோப்புக்காரன் ஒருத்தன் எங்கூட இருந்தான். அவன ஊருக்கு நான்தான் கொண்டாந்தேன். பெட்டியத் தொறக்கக் கூடாதுன்னு ஆர்டர். அவுங்கம்மா வந்து..." என்று ஆரம்பித்தார்.

பட்டாளத்துக் கதை எதையும் அவர் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. நான் விளையாடிக்கொண்டிருந்ததோ ஆன்லைனில், நடுவில் நிறுத்த முடியாது. அப்படியே போட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் என் குடி ஒன்றும் முழுகியிருக்காது. "ஒரு நிமிஷம் மாமா, இந்த ரவுண்டு முடிஞ்சிடும்" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் காத்திருந்தார். சத்தம் அடங்கியதும், "ஜெயிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஜெயித்திருந்தேன். அந்த அம்மா வந்து என்ன செய்தார் என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.