கார் வராத ஷெட்

எங்கள் வீட்டில் கார் ஷெட் உண்டு, கார் கிடையாது. கல்யாணமான மறுவருஷம் என் வீட்டுக்காரர் அதைக் கட்டினார். கார் வாங்கப் போகிறாராம்! இருபத்திரண்டு வருஷத்தில் அதற்குள் வராதது கார் ஒன்றுதான். யூரியா மூட்டை வந்தது, ஓட்டைத் தார்ப்பாய் வந்தது, கால் உடைந்த கட்டில் வந்தது. எதுவும் திரும்பிப் போகவில்லை.

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் அதுதான் என் வேலை. மகளும் காலேஜ் விடுதிக்குப் போய்விட்டாள், இனி என் கை சும்மா இருக்காது என்று ஷெட்டைக் கேட்டேன். பட்டறை போடப் போகிறேன் என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பொம்பள கட்டுன மோட்டார எவன் வயல்ல வைப்பான்?" என்று கேட்டுவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

அந்த ஒரு பேச்சுக்காகவே பட்டறை போட்டுத் தீருவது என்று முடிவு கட்டினேன்.

நாலு நாள் தனி ஆளாக ஷெட்டை ஒழித்துச் சுத்தம் செய்தேன். எலிப் புழுக்கையே ஒரு கூடை இருந்தது. தரைக்குச் சிமெண்டு போடக் கொத்தனாரை வரச் சொன்னேன். அன்றைக்குப் பார்த்து என் வீட்டுக்காரர் மூலையில் விதைநெல் மூட்டம் போட்டிருந்தார். ஊறவைத்த விதையைச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல்லை ஏற்றி வைப்பது; அந்தச் சூட்டில் முளை கட்டும். முந்தின நாளே மூன்று தடவை சொன்னேன், நாளைக்குக் கொத்தனார் வருகிறார், எடுத்து வேறு இடத்தில் வையுங்கள் என்று. காதில் வாங்கினால்தானே?

சாக்கை இழுத்து வேப்பமரத்து நிழலில் போட்டேன். நிழலில்தான் போட்டேன். நிழல் நகரும் என்று சிமெண்டு வேலையில் நினைக்கவில்லை. மத்தியானம் அவர் வந்து பிரித்தபோது முளையெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது.

"வேணும்னே செஞ்சிருக்கே."

"நிழல்லதாங்க வச்சேன்."

"நடிக்காத. சோறு போடுற நெல்ல வெயில்ல போட்டுட்டு ஆணி அடிக்கப் போறியா? அடி, நல்லா அடி."

வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அவர் முகம் வெளுத்ததைப் பார்க்கக் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அன்றோடு பேச்சு நின்றது.

பட்டறையை நான் நினைத்தபடியே முடித்தேன். சுவரில் பிளைவுட் அடித்து, ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் வடிவத்தைக் கறுப்புப் பெயிண்டில் வரைந்து ஆணி வைத்தேன். எதை எடுத்தாலும் எது இல்லை என்று சுவரே சொல்லும். செம்புக் கம்பியில் மண் பட்டால் பூச்சு உரியும், அதனால் செருப்போடு உள்ளே வரக்கூடாது. வருகிறவர் பேர், ஊர், மோட்டாருக்கு என்ன கோளாறு என்று எழுத ஒரு நோட்டும் வாங்கி வைத்தேன்.

நோட்டில் ஒரு எழுத்து விழவில்லை. தெரு முழுக்க வேடிக்கைதான் பார்த்தது, முதல் ஆளாக யார் வருகிறார்கள் என்று.

அவர் புது விதை வாங்கி ஊறப்போட்டு நாற்றங்கால் தெளித்தார். வாய்க்காலில் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு எட்டவில்லை. கொல்லைப்புறப் போர்வெல்தான் கதி. சரியாக அந்த வாரம் மோட்டார் புகைந்துவிட்டது. இனி வந்துதானே ஆக வேண்டும் என்று மேசையைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன்.

மோட்டாரைக் குட்டி யானை வேனில் ஏற்றி, என் பட்டறை வாசல் வழியாகவே குத்தாலத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

"என்னடி, உங்க வீட்டு மோட்டாரே வெளியூர் போவுது?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. இனி இந்தத் தெருவில் எவன் என்னிடம் மோட்டார் கொடுப்பான்?

மூன்றாம் நாள் மோட்டார் திரும்பியது. குத்தாலத்து ஆள் மாட்டிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டான். சத்தம் நன்றாகத்தான் வந்தது. குழாயில் மட்டும் நூல் மாதிரி வடிந்தது. நான் பட்டறையில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொண்டேன், மூன்று ஒயரில் இரண்டை மாற்றி முடுக்கியிருக்கிறான், மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. மாற்றிப் போட ஐந்து நிமிஷ வேலை. வாயைத் திறப்பேனா? அவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அந்த ஆள் நாளைக்கு, நாளைக்கு என்றானாம்.

மறுநாள் வெயில் ஏறியது. நாற்றங்கால் பாளம் பாளமாக வெடிக்க ஆரம்பித்திருந்தது. பத்து மணிக்கு அவர் என் வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் வந்து பாரேன்."

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க."

கழற்றினார். எதிர்வீட்டு அக்கா புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தேன்.

"பேரு?"

"என்ன, வெளையாடுறியா?"

"பேர் எழுதாம நான் ஸ்பானர எடுக்கறதில்லீங்க."

கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷமாக என் வாயால் சொல்லாத பேர் அது. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவேன். அவர் எதிர்வீட்டைப் பார்த்தார், நாற்றங்கால் பக்கம் பார்த்தார், தரையைப் பார்த்துக்கொண்டு தன் பேரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

"ஊரு?" என்றேன்.