ஊறுகாய் பாட்டிலில் ஒரு டீசல் சோதனை

போன சனிக்கிழமை பாப்பாரப்பட்டியில் அரை மணி நேரம் எனக்கு மூச்சே சரியாக வரவில்லை. காரணம், ஒரு பாட்டில்.

கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிற நேரம் போக, புங்க எண்ணெயில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து டீசல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் பலருக்கு நான் சாராயம் காய்ச்சுகிறேனோ என்று சந்தேகம்... அதை விடுங்கள்.

பாப்பாரப்பட்டியில் காதர் பாய் மாவு மில் வைத்திருக்கிறார். ஒரே ஒரு ஆயில் இன்ஜின், குடும்பமே அதை நம்பித்தான். "நான் வந்து சோதித்த பிறகுதான் ஊற்ற வேண்டும்" என்று சொல்லித்தான் ஒரு கேன் டீசலைக் கொடுத்தனுப்பினேன். சரியாக மாறாத எண்ணெயோ, தயாரிப்பில் உண்டாகிற சோப்போ கலந்திருந்தால் பம்ப், நாசில் எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

போய் இறங்கினால் — இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது!

"நீங்க செஞ்சதுங்க சார்... அதுல என்னத்த சோதிக்கறதுன்னு காலையிலயே ஊத்திட்டனுங்க" என்றார் பாய்.

நன்றி சொல்வதா, தலையில் அடித்துக்கொள்வதா?

சோதனை சுலபம். பாதி டீசல், பாதி தண்ணீர். குலுக்கி வைத்தால், சுத்தமான டீசல் சீக்கிரமே பிரிந்து மேலே நிற்கும்; சோப்பு இருந்தால் பிரியாது. பாயின் மனைவி ஜமீலா அக்கா ஓர் ஊறுகாய் பாட்டில் கொடுத்தார். குலுக்கினேன். மோர் மாதிரி ஆகிவிட்டது. கால் மணி... அரை மணி... மோர் பிரியவே இல்லை.

"பாய், இன்ஜினை நிறுத்துங்க."

நிறுத்தினார். கேழ்வரகோடு காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

டீ கொண்டுவந்த அக்கா பாட்டிலை எட்டிப் பார்த்தார்.

"சோப்பு போகலைங்களா சார்? ஊறுகா வாசம் அடிக்குமேன்னு சோப்புத்தூள அள்ளிப் போட்டுக் கழுவுனேன். அவசரத்துல ஒருவாட்டிதான் அலசுனேனுங்க."

காலேஜ் வாத்தியாருக்குச் செய்த மரியாதை! சரியாக அலசாத டெஸ்ட் டியூபுக்காக மாணவர்களை லேபுக்கு வெளியே நிறுத்துகிற ஆள் நான். அந்த பாட்டிலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வேறு பாட்டிலை வெறும் தண்ணீரில் நானே ஏழெட்டு முறை அலசினேன். குலுக்கினேன். பத்தே நிமிடம் — கீழே தண்ணீர், மேலே தேன் நிறத்தில் டீசல், நடுவில் சுத்தமாக ஒரு கோடு. அப்பாடா! பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் சட்டையெல்லாம் மாவு.

இன்ஜின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"இனிமேலாவது சோதிச்ச பிறகு ஊத்துங்க பாய்" என்றேன்.

"சரிங்க சார். பாட்டிலை யாருங்க சோதிக்கறது?"

டீ ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.