திருவெண்ணெய்நல்லூர் போன இத்தாலி வண்டி

விளக்கெண்ணெய் கருகும் வாசனையை நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களா? வயிறு சுத்தமாக வேண்டுமென்று மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றப்பட்ட அதே எண்ணெய், எங்கள் திண்டிவனத்துப் பட்டறையில் ஒரு கோடைக்காலம் முழுவதும் சிவப்புப் பந்தய மோட்டார் வண்டி ஒன்றின் இன்ஜினுக்குள் மசகெண்ணெயாக எரிந்து, வீட்டுத் துணிமணி, சோறு, என் பாடப்புத்தகம் என எல்லாவற்றின் மீதும் இனிப்பும் காரமுமாக ஏறிக்கொண்டது.

அப்பா சவரிமுத்து வயல்வெளி ஆயில் இன்ஜின்களைப் பழுதுபார்ப்பவர். ஒலக்கூர்ப் பக்கம் எந்தக் கிணற்றில் தண்ணீர் ஏறாவிட்டாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அப்படிப்பட்டவரிடம் இரும்பை என்ற ஊரிலிருந்து ஒரு லாரியில் அந்த வண்டி வந்து இறங்கியது. முந்திரித் தோப்புக் கொட்டகையில் பல காலம் கிடந்ததால் கோழிகள் அதன் இன்ஜின் மேல் முட்டையிட்டிருந்தன. உடன் வந்தவர் இரும்பையில் குடியேறிவிட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர். எல்லோருக்கும் அவர் "இத்தாலி ஐயா".

அந்த வண்டியைச் செய்தவரின் கதையை, மதியச் சோற்றுக்குப் பிறகு, அவர் கற்றுவைத்திருந்த எங்களூர்த் தமிழிலேயே சொல்வார். வட இத்தாலியில் அவர் பிறந்த ஊரிலும் நெல்தானாம். அங்கே ஒருவர் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் செய்து விற்றிருக்கிறார். மூத்த மகனுக்கு வேகத்தின் மேல் பித்து. தகப்பனின் பட்டறை மூலையிலேயே பந்தய வண்டிகள் கட்டத் தொடங்கினான். மலைப்பாதைப் பந்தயங்களில் அவை ஜெயித்தன, பேர் பரவியது, பணக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பிறகு ஒரு பந்தயத்தில், ஒரு வளைவில், அந்த மகன் செத்துப்போனான்.

"மறுநாளு காலைல அப்பங்காரரு வந்தாரு. கார் கட்டுற பக்கத்துக் கதவ இழுத்துப் பூட்டினாரு. மறுபடியும் பம்புதான் செஞ்சாரு" என்பார் இத்தாலி ஐயா. அவர் அந்தப் பட்டறையில் தகடு தட்டிக்கொண்டிருந்த இளைஞர், செத்தவனின் சிநேகிதர். கடைசியாக நின்ற வண்டியை வாங்கிக்கொண்டு, அந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் கப்பலேறியவர்.

அப்பா இந்தக் கதையில் விழுந்துவிட்டார். தண்ணீர் இன்ஜின் செய்தவரின் பட்டறையில் பிறந்த வண்டி என்பதால் அதைத் தன் சொந்தக்காரன் வீட்டுப் பொருள் போலவே தொட்டார். அம்மாவுக்குத்தான் ஆத்திரம்.

"மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணி பாயலன்னு ஆளுங்க வந்துக்கினே இருக்காங்க. நீங்க இன்னாடான்னா இந்தத் தகரத்தக் கட்டிக்கினு அழுவுறீங்க!"

"ஜல்தியா முடிச்சிடுவேன் அஞ்சல. பேஜாரு பண்ணாத."

கோடை முழுவதும் புகைந்து புகைந்து அணைந்துகொண்டிருந்த இன்ஜின், மழைக்கு முன்பாக ஒரு காலையில் உறுமி, நின்று, மறுபடி உறுமியது. இத்தாலி ஐயா பட்டறை வாசலில் நின்று குழந்தையைப் போல அழுதார். சாவியை அப்பாவிடம் கொடுத்து, "மொதல்ல நீ ஓட்டு. சம்சாரத்தக் கூட்டிக்கினு போ" என்றார். இரண்டே இருக்கை. அதில் ஒன்று எனக்கு என்று கோடை முழுவதும் நம்பியிருந்த நான் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தியும் பலனில்லை. அம்மா ஈரத்தலையை முடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

விழுப்புரம் வரை போய்த் திரும்புவதாகத்தான் பேச்சு. அவர்கள் வந்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அம்மாவின் முகம் அழுதும் சிரித்தும் வீங்கியிருந்தது. நடந்ததை அன்று என்னை மடியில் போட்டுக்கொண்டு அவளே சொன்னாள்.

விழுப்புரத்தில் அப்பா வண்டியைத் திருப்பப் போனபோது, "இன்னும் கொஞ்ச தூரம் போலாமா?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டது திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துத் தன் பிறந்த ஊரை. கரும்பும் நெல்லும் விளையும் சொந்த நிலத்துக்காரரின் மகள் அவள். கூலி வேலை செய்த கிறிஸ்தவக் குடும்பத்தின் பிள்ளை அப்பா. இன்ஜின் பழுதுபார்க்கப் போன இடத்தில் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டார்கள். அதோடு அம்மாவின் பிறந்த வீட்டுக் கதவு மூடியதுதான். நான் பிறந்தபோதும் திறக்கவில்லை.

அப்பாவுக்குப் பயம். ஆனாலும் போனார்கள். இத்தாலி வண்டியில் ஓட்டுகிறவரின் இருக்கை இடப்பக்கம். நம் ஊரில் ஓட்டுநர் உட்காரும் வலப்பக்கத்தில் அம்மா இருந்ததால், தெருவே வாயைப் பிளந்தது. "அஞ்சல கார் ஓட்டிக்கினு வருதுடா!" என்று திண்ணையிலிருந்து யாரோ கத்த, பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள்.

சத்தம் கேட்டுத் தாத்தா மண்வெட்டியோடு வெளியே வந்தார். மகளைப் பார்க்கவில்லை. மருமகனையும் பார்க்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அதன் மூக்கில் உள்ளங்கையை வைத்து, யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார்.

"சூடா இருக்குதே. தண்ணி ஊத்தணுமா?"

"ஊத்தணும்ப்பா" என்றாள் அம்மா.

அவரே கிணற்றடிக்குப் போய் வாளி நிறையக் கொண்டுவந்தார். வண்டி ஆறும்வரை மூவரும் அதைச் சுற்றியே நின்றார்கள். அப்பா ஊற்றியது போக மிச்சத் தண்ணீரை அம்மா வாளியோடு தூக்கிக் குடித்தாள். "உள்ள வா" என்று அவர் சொல்லவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள், கரும்புக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வந்து இறங்கிப் பட்டறையை விசாரித்தபடி தாத்தா வந்தார்.

"வண்டி எங்க?"

"அது எங்களுது இல்லப்பா. இரும்பை ஐயாவோடது."

"அது எனக்குத் தெரியாதா?" என்றபடி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். "இன்னா ஆக்கியிருக்க? எடுத்தா. பசிக்குது."

கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். அவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கரும்பைக் கணுக்கணுவாக ஒடித்துத் தந்தார்.

இப்போது நான் விழுப்புரத்தில் வேலை பார்க்கிறேன். திண்டிவனம் போகும் பஸ் ஜன்னலில், அன்று அந்த வண்டி கடந்துபோன சாலையோரப் புளியமரங்கள் இல்லை. சாலையை அகலமாக்கியபோது வெட்டிவிட்டார்கள். தாத்தா போய்விட்டார். இத்தாலி ஐயா இரும்பையிலேயே காலமானார். அவருடைய தம்பி மகன் வந்து வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான். அம்மா போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

சென்ற மாதம் அந்தத் தம்பி மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வண்டியை அங்கே மறுபடியும் புதுப்பித்து, பளிங்குத் தரையில் நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். செய்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட்டோம் என்று பெருமையாக எழுதியிருந்தான். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை முகத்தருகே பிடித்து, வலப்பக்கத்து இருக்கை வந்ததும் நிறுத்தச் சொன்னார். திண்டிவனத்தில் அவர் வாங்கித் தைத்திருந்த பச்சை ரெக்ஸினைக் காணோம். வெண்ணெய் நிறத்தில் புதுத் தோல் மின்னியது.

"அவ ஒக்காந்த சீட்டப் பிரிச்சுப் போட்டுட்டானுங்க" என்றார்.

போனை என்னிடம் நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்ப வாங்கி மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்.